வெளியூர்க்காரர்களால் வாழும் நகரம்: கொள்ளைநோயும் திருச்சியும்

2020 கோடையில் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது. அதற்குத் தொடக்கத்தில் அரசு ஒப்புக்கொண்ட காரணங்கள் மூன்று: கல்யாணம், சாவு, அவசர மருத்துவம். வேலை தேடிப் போவதற்கும், கொடுத்த கடனைக் கேட்கப் போவதற்கும், பிள்ளை பெற்ற மகளைப் பார்த்து வருவதற்கும், நேர்த்திக்கடன் செலுத்துவதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அதை எழுதிய அதிகாரி யாராக இருந்தாலும், தமிழ்ச் சமூகம் எவற்றைத் தள்ளிப்போட முடியாது என்று நம்புகிறது என்பதைச் சரியாகவே அறிந்திருந்தார். ஊரே முடங்கிக் கிடந்தபோதும் கல்யாணம் முதல் மூன்றுக்குள் வந்துவிட்டது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லிப் பாஸ் வாங்கிய மத்திய மாவட்டத்துக்காரர்களுக்கு மருத்துவம் என்றால் பெரும்பாலும் திருச்சி. திருச்சியிலும் தில்லை நகர். உறையூருக்கும் தென்னூருக்கும் புத்தூருக்கும் இடையில், ஒரு மெயின் ரோடும் எண் போட்ட கிராஸ் தெருக்களுமாகக் குடியிருப்புக்கென்று திட்டமிட்டு உருவான பகுதி அது. இன்று கிராஸுக்குக் கிராஸ் கிளினிக், ஸ்கேன் சென்டர், ரத்தப் பரிசோதனை நிலையம், மருந்துக்கடை. கீழ்த்தளத்தை டாக்டருக்கு வாடகைக்கு விட்டு மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அரியலூரிலும் பெரம்பலூரிலும் புதுக்கோட்டையிலும் குளித்தலையிலும் 'தில்லை நகர் டாக்டர்' என்றால் பெரிய டாக்டர் என்று பொருள். அதிகாலைப் பஸ்ஸில் புறப்பட்டு, டோக்கன் வாங்கி, சாப்பாட்டு வேளையில் பக்கத்து மெஸ்ஸில் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் ஊர் திரும்பும் ஒரு மக்கள்திரள் தினமும் இங்கே வந்து போகிறது. அவர்கள் யாரும் தில்லை நகர்வாசிகள் அல்லர். தில்லை நகரின் பொருளாதாரம் அவர்கள்தான்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் திருச்சி முழுவதுமே இப்படித்தான் இயங்குகிறது. ஸ்ரீரங்கம் யாத்ரீகர்களால் வாழ்கிறது. காந்தி மார்க்கெட்டில் சரக்கும் வெளியூர், வாங்குவோரில் பாதியும் வெளியூர். விமான நிலையத்துக்குப் பிழைப்பைக் கொடுப்பவர்கள் டெல்டாவிலிருந்தும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் உழைக்கப் போகிறவர்கள். ஊரின் பெரிய தொழில்களில் பெல் நிறுவனம், பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், மிச்சமெல்லாம் வந்து போகிறவனைச் சார்ந்தவை.

கொள்ளைநோய் ஒரு சமூகத்தை என்ன செய்கிறது என்ற கேள்விக்குப் பொதுவான பதில்கள் நிறைய இருக்கின்றன: ஏற்றத்தாழ்வை வெளிக்காட்டுகிறது, தனிமையை உண்டாக்குகிறது, அரசின் கையை வலுவாக்குகிறது. எல்லாம் உண்மை, எந்த ஊருக்கும் பொருந்தும் உண்மை. திருச்சியை வைத்துக் கேட்டால் கேள்வி கூர்மையாகிறது. வந்து போகிறவரால் வாழும் ஓர் ஊரில் வருகிறவரே ஆபத்து என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும்? வருகிற எல்லோரும் ஒரே அளவுக்குச் சந்தேகிக்கப்படுவார்களா? இல்லை என்பதும், சந்தேகத்தை ஆளுக்கு ஆள் எப்படிப் பங்கிடுவது என்பது கிருமி வருவதற்கு முன்பே இங்கே முடிவாகியிருந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மருத்துவ வரலாற்றாளர் சார்லஸ் ரோசன்பர்க், எய்ட்ஸ் உலகை உலுக்கிக்கொண்டிருந்த 1989இல் எழுதிய கட்டுரையில், கொள்ளைநோய்க்கு நாடகத்தின் அமைப்பு இருப்பதாகச் சொன்னார். முதலில் ஊர் நோயை ஒப்புக்கொள்ள மறுக்கும். பிறகு 'ஏன் இவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை' என்பதற்கு ஒழுக்கம் சார்ந்த விளக்கம் தேடும். அதற்குப் பிறகுதான் கூட்டாக ஏதாவது செய்யும். அடுத்த ஆண்டு பிலிப் ஸ்ட்ராங் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் இதை வேறு கோணத்தில் வைத்தார். கிருமி பரவும்போதே அச்சம், விளக்கம், நடவடிக்கை என்று மூன்று தனித் தொற்றுகள் மனிதர்களுக்கிடையே பரவுகின்றன என்பது அவர் கருத்து. இந்த இரண்டாவது தொற்றுக்குத் திருச்சியில் நீண்ட வரலாறு உண்டு.

1817இல் வங்காளத்தில் தொடங்கிய காலரா அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது. அன்றைய திருச்சிராப்பள்ளி ஒரு பெரிய படைத்தளம். கம்பெனிப் படைகள் அணிவகுத்த பாதைகளோடு சேர்ந்தே நோயும் நகர்ந்ததை வரலாற்றாளர் டேவிட் ஆர்னல்ட் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழி வேறு பக்கம் திரும்பியது. 1866இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, காலரா பரவ இந்தியாவின் யாத்திரைக் கூட்டங்களே முதன்மைக் காரணம் என்று அறிவித்தது. புரியும் ஹரித்துவாரும் உலகத்துக்கு அச்சமூட்டும் பெயர்களாயின. தெற்கே திருப்பதி, காஞ்சிபுரம், ஸ்ரீரங்கம் போன்ற திருவிழா ஊர்கள் சுகாதார அதிகாரிகளின் கவனத்துக்கு வந்தன. அதே 1866இல்தான் திருச்சிராப்பள்ளி நகராட்சி அமைந்தது. ஸ்ரீரங்கம் தனி நகராட்சியானது 1871இல். காவிரியின் நடுவே ஏழு பிராகாரங்களுக்குள் மக்கள் குடியிருக்கும் ஒரு கோயிலூர், வைகுண்ட ஏகாதசிக்குத் தாங்க முடியாத கூட்டம், ஒரே ஆற்றில் குளியலும் குடிநீரும். அதிகாரிகளின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. குடிநீர் வழியாகக் காலரா பரவுவது உண்மை.

கவனிக்க வேண்டியது, யாரைப் பற்றி அறிக்கை எழுதப்பட்டது, யாரைப் பற்றி எழுதப்படவில்லை என்பதை. படையும் ரயிலும் தானிய வணிகமும் நோயைச் சுமந்தன. ஆனால் அவை ஆட்சியின் அன்றாடத் தேவைகள். யாத்ரீகரின் பயணம் ஆட்சிக்கு வேண்டாத பயணம். வேண்டாத பயணம் செய்கிறவரே நோயைக் கொண்டுவருகிறார் என்று ஒரு சிந்தனைப் பழக்கம் அப்போது உறுதிப்பட்டது. 1897இல் பம்பாய் பிளேக்கை முன்னிட்டுக் கொண்டுவந்த கொள்ளைநோய்ச் சட்டம், பயணிகளைச் சோதிக்கவும் பிரித்துவைக்கவும் அதிகாரம் தந்தது. 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு கோவிட் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது அதே சட்டத்தின்கீழ்தான். 123 ஆண்டுப் பழைய சட்டம், ஏறக்குறைய அதே மொழி.

இதற்கு இணையாகத் தமிழ் நாட்டார் மரபில் முற்றிலும் வேறொரு முறை இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார். வீட்டில் தாளிப்பு இல்லை. நோயாளிக்குத் தனிப்படுக்கை, இளநீர், மோர். பொதுச் சுகாதார நோக்கில் பார்த்தால் இது தனிமைப்படுத்தல்தான். ஆனால் அதன் ஒழுக்கக் கணக்கு வேறு. வந்திருப்பது நோய் அல்ல, அம்மன். நோயாளி குற்றவாளியல்ல, அவள் இறங்கிய இடம். திருச்சிக்கு வடக்கே சமயபுரத்தில் இந்தத் தர்க்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருப்பது பக்தர்கள் மட்டுமல்ல, மாரியம்மனே இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். ஊருக்கு நோய் வராதிருக்கத் தெய்வம் பத்தியம் இருக்கிறது.

இதைப் பொற்காலமாகக் காட்டிவிடக் கூடாது. வேப்பிலை செருகிய வீட்டுக்குள் யார் வரலாம், வரக்கூடாது என்பதில் தீட்டுக் கணக்குகள் இருந்தன. மாதவிலக்கான பெண்ணும் கைம்பெண்ணும் விலக்கப்பட்டார்கள். அம்மை குத்துவதைத் தெய்வக்குற்றம் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அம்மன் மனம் இரங்கிப் பெரியம்மை போகவில்லை; தடுப்பூசி போட்டுத்தான் போனது, இந்தியாவில் 1975இல் கடைசி நோயாளியோடு. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளியைத் தள்ளிவைக்கும்போதே மதிப்பாக வைத்திருக்க அந்த மரபுக்குத் தெரிந்திருந்தது.

2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டு வாசலில் ஒட்டிய நோட்டீசில் அந்த மதிப்பு இல்லை. பெயர், முகவரி, எத்தனை பேர், எந்தத் தேதி வரை, உள்ளே நுழையாதீர். கையில் அழியா மை முத்திரை. பிறகு தெருவை அடைத்துத் தகரத் தடுப்பு. எர்விங் காஃப்மன் 1963இல் எழுதிய களங்கம் பற்றிய நூல், உடலில் குறியிடுவது பழங்கால வழக்கம் என்றுதான் தொடங்குகிறது. நாம் அதைப் பிளெக்ஸ் அச்சில் செய்தோம். அந்த வாரங்களில் திருச்சி விமான நிலையத்தில் இறங்கியவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். வேலை போய், சம்பள பாக்கியோடு திரும்பிய கட்டடத் தொழிலாளிகள், ஓட்டுநர்கள், வீட்டுவேலை செய்த பெண்கள். பத்து நாள் முன்புவரை அவர்கள் வருகை தெருவில் கொண்டாட்டம்: சென்ட் பாட்டில், போர்வை, சாக்லேட். இப்போது அதே தெரு கதவைச் சாத்திக்கொண்டு கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டது. நோயாளி வீட்டு வாசலில் இப்படி நோட்டீஸ் ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பர் 9 அன்று. அதற்குள் முதல் அலையே வடிந்துவிட்டது.

சந்தேகம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்று சொன்னதற்கு இதைவிடக் கடுமையான சான்று தில்லி மாநாட்டு விவகாரம். 2020 மார்ச் இறுதியில் நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். தேடியவர்களிடம்தான் எண்ணிக்கை கிடைக்கும். ஏப்ரல் முதல் வாரங்களில் மாநிலத்தின் அன்றாடக் கணக்கில் பெரும்பகுதி அவர்கள் பெயரில் வந்தது. சில நாட்களில் அரசு சுதாரித்துக்கொண்டு மாநாட்டின் பெயரைச் சொல்வதை நிறுத்தி, 'ஒற்றை மூலம்' என்று குறிப்பிடத் தொடங்கியது. தாமதமானாலும் நல்ல முடிவு. ஆனால் காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு வாங்கும் பழக்கம் அதற்குள் தொலைக்காட்சியைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்மீதான வழக்குகளை ஆகஸ்டில் ரத்துசெய்த பம்பாய் உயர் நீதிமன்ற ஔரங்காபாத் கிளை, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டார்கள் என்று எழுதியது.

அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் பிணவறைகள் நிரம்பி, உறவினர்களே தொடத் தயங்கிய உடல்களை எடுத்து அவரவர் மத முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தவர்களில், தமிழ்நாடு முழுவதும், தமுமுக போன்ற முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் முன்னணியில் இருந்தார்கள். இதை மனிதநேயக் கதையாகப் பத்திரிகைகள் எழுதின, மனிதநேயம்தான். ஒரு சமூகவியலாளர் கூடுதலாக ஒன்றைக் கேட்பார்: சந்தேகத்துக்கு ஆளான பிரிவு, சந்தேகித்தவர்களின் பிணத்தைச் சுமந்து தன் இடத்தை மீட்டுக்கொள்ள வேண்டியிருப்பது எப்படிப்பட்ட ஏற்பாடு? பிணத்தைத் தொடும் வேலை நம் ஊரில் எப்போதுமே யாரோ சிலருடைய தலையில்தான். ஓயாமரியிலும் கோணக்கரையிலும் அந்த மாதங்களில் வேலை செய்த சுடுகாட்டுப் பணியாளர்களுக்கும், வீடுவீடாகக் குப்பை அள்ளிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கும் மாலை போட்டுக் காலில் பூத்தூவிய காட்சிகள் பரவின. மாலை போட்டார்கள், ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருந்தது.

மார்க்கெட்டின் கதை வேறு. காந்தி மார்க்கெட் 1868இல் தொடங்கி 1927இல் விரிவாக்கப்பட்டுக் காந்தி பெயரைப் பெற்றது. நெரிசல் தாங்காமல் அதை நகருக்கு வெளியே மதுரைச் சாலையில் கள்ளிக்குடிக்கு மாற்ற அரசு புது வளாகமே கட்டி 2017இல் திறந்துவைத்தது. வியாபாரிகள் போகவில்லை. போக மறுத்ததற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் தூரம், பஸ் வசதி. சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு: மொத்த வியாபாரி, சில்லறைக்காரர், சுமைதூக்குபவர், கடன் கொடுப்பவர், டீக்கடைக்காரர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் உருவாகும் நம்பிக்கை வலை. அதைப் பெயர்த்துக் கட்டடத்துக்குள் வைக்க முடியாது.

அரசு மூன்று ஆண்டில் செய்ய முடியாததைக் கிருமி ஒரே வாரத்தில் செய்தது. 2020 மார்ச் இறுதியில் மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் ரயில்வே மைதானத்துக்குப் போனது. மே மாதம் சென்னைக் கோயம்பேட்டில் நடந்தது எல்லோருக்கும் பாடம். அங்கிருந்து ஊர் திரும்பிய லோடுமேன்கள் வழியாக வட மாவட்டங்களில் தொற்று பரவியது. எனவே திறந்த மைதானம் மருத்துவ நோக்கில் சரியான முடிவு. ஆனால் அங்கே இரவில் சரக்கு இறங்கும், மழை பெய்தால் சேறு, நிழல் இல்லை, பெண் வியாபாரிகளுக்கு ஒதுங்க இடமில்லை. பெரிய மண்டிக்காரர் தாக்குப்பிடித்தார். கூடையில் கீரை கட்டி விற்றவர் வீட்டோடு போனார். ஊரடங்கு தளர்ந்த பிறகும் மார்க்கெட் திறக்கவில்லை. கள்ளிக்குடிக்கே மாற வேண்டும் என்று கேட்டுத் தொடரப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்திருந்தது. அது நவம்பரில் விலகி, ஏறத்தாழ எட்டு மாதம் கழித்துக் கதவு திறந்தபோது வியாபாரிகள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். நோயை முன்னிறுத்தி ஒரு பழைய நகரத் தகராறைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். மார்க்கெட்டை இடம் மாற்ற முடிந்தது, அந்த வலையை மாற்ற முடியவில்லை.

கோயில் பக்கம் வந்தால், ஸ்ரீரங்கத்தில் நித்திய பூஜைகள் நின்றதில்லை, நின்றது கூட்டம். 2020, 2021 இரண்டு ஆண்டும் சித்திரைத் தேர் ஓடவில்லை. கூட்டுச் சடங்கில் மக்கள் தங்கள் சமூகத்தையே வணங்குகிறார்கள் என்று எமில் துர்கைம் 1912இல் எழுதினார். அவர் சொன்னது முழுக்கச் சரியென்றால், கூட்டமில்லாத சேவை பொருளற்றதாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. அரங்கனுக்கு ஆள் பார்க்காவிட்டாலும் அமுது படைத்தே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. கூட்டம் இல்லாமல் தடுமாறியவர்கள் வாசலில் இருந்தவர்கள்: பூக்கட்டுபவர், விளக்குக் கடைக்காரர், ஆட்டோக்காரர், காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் செய்துவைத்துத் தட்சிணையில் வாழும் புரோகிதர். 2020 ஜூலை 20 ஆடி அமாவாசை, படித்துறை அடைப்பு. ஆகஸ்ட் 2 ஆடிப்பெருக்கு. அது ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்து, அம்மாதம் எல்லா ஞாயிறும் தளர்வில்லா ஊரடங்கு. காதோலை கருகமணி வாங்க ஆளில்லை. சாதியில் மேல்படியில் இருந்தும் வருமானத்தில் அன்றாடங்காய்ச்சியாக இருக்கும் புரோகிதரை நம் சமூகவியல் பாடநூல்கள் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியாமல் விட்டுவிடும். நிவாரணத் திட்டங்களும் அப்படியே. அரிசி அட்டைக்காரர்களுக்கு 2020 ஏப்ரலில் வந்த 1,000 ரூபாயும், 2021இல் இரண்டு தவணையில் வந்த 4,000 ரூபாயும்தான் பலருக்கு அரசு தந்த ரொக்கம்.

இனி தில்லை நகர். முதல் அலையில் அதன் தெருக்கள் வெறிச்சோடின. பல கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தன, அல்லது போனில் மருந்து சொன்னார்கள். ஜூன் மாதம் அரசு மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்குள் பாஸ் வேண்டாம் என்றபோது ஒரு வேடிக்கை நடந்தது. திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை ஒரு மண்டலம். கரூர் மாவட்டம் கோவையோடு சேர்ந்துவிட்டது. ஆகவே நாகப்பட்டினத்துக்காரர் தாராளமாகத் தில்லை நகருக்கு வரலாம். பக்கத்திலிருக்கும் குளித்தலைக்காரர் பாஸ் எடுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும் டயாலிசிஸுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தவர்கள் இப்படி எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள் என்பது எந்தக் கோவிட் அட்டவணையிலும் வராது.

இரண்டாம் அலையில் நிலைமை தலைகீழானது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. தனியார் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு என்று அரசு 2020 ஜூனிலேயே விதித்திருந்தது. விதி படுக்கை கிடைத்தவருக்கு. படுக்கையைப் பெற யாரைத் தெரியும் என்பது பேச்சாயிற்று. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தொடங்கிய ரெம்டெசிவிர் மருந்து விற்பனை அந்த மே மாதத்தில்தான் திருச்சிக்கும் வந்தது, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் கவுண்டர். ஒரு குப்பி 1,568 ரூபாய். டாக்டர் சீட்டு, சி.டி. ஸ்கேன், பரிசோதனை முடிவு, ஆதார் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்தபடி, விடியற்காலையிலிருந்து மகன்களும் மருமகன்களும் தம்பிகளும் நின்றார்கள். இம்மருந்து உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று சொல்லி, அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2020 நவம்பர் 20 அன்றே அறிவித்திருந்தது. மாநிலச் சுகாதாரத் துறையும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. வரிசை குறையவில்லை.

இதை அறியாமை என்று தள்ளுவது எளிது. படித்தவர்களும், சில இடங்களில் மருத்துவர்களின் உறவினர்களும் அந்த வரிசைகளில் இருந்தார்கள். இதற்கு விளக்கம் நம் மருத்துவமனைகளில் 'அட்டெண்டர்' என்று அழைக்கப்படும் ஒருவரிடம் இருக்கிறது. ஊழியர் அல்ல, நோயாளியோடு கூட இருக்கும் உறவினர். தில்லை நகரில் எந்த நர்சிங் ஹோமுக்குப் போனாலும் கட்டிலுக்கடியில் பாயும் பிளாஸ்க்குமாக ஒருவர் இருப்பார். மருந்துக்கடைக்கு ஓடுவது, ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது, டிரிப் தீர்ந்தால் சிஸ்டரைக் கூப்பிடுவது, முதுகு துடைப்பது, டாக்டர் சொன்னதை ஊருக்குப் போனில் விளக்குவது, பில்லில் பேரம் பேசுவது என்று செவிலியப் பணியில் பாதியை அவரே செய்கிறார். சம்பளமில்லாத இந்த ஆளை நம்பித்தான் இந்தியத் தனியார் மருத்துவமும் பெரிய அளவில் அரசு மருத்துவமும் கட்டப்பட்டிருக்கின்றன. பாதிக்கு மேல் பெண்கள் என்பது என் அனுமானம். மருந்து வரிசையில் ஆண், கட்டிலருகே பெண்.

கோவிட் வார்டு இந்த ஆளை வாசலில் நிறுத்தியது. சிகிச்சையின் பார்க்கப்படாத பாதி ஒரே நாளில் காணாமல் போனது. உள்ளே பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நின்ற செவிலியர் தலையில் மொத்தமும் விழுந்தது. வெளியே நின்றவருக்கு ஒரு நாளைக்கு ஓரிரு தடவை போன் தகவல், 'ஆக்சிஜன் லெவல் எண்பத்தெட்டு'. சமாளிக்க முடியாத அரசு மருத்துவமனைகள் சில இடங்களில் உறவினரை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டன. விட முடியாத இடங்களில், எதையாவது செய்யப் பழகிய கைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ரெம்டெசிவிர் அந்தக் கைகளுக்கு ஒரு வேலையைத் தந்தது. மருந்தின் திறன் எப்படியிருந்தாலும், 'அப்பாவுக்கு ஆறு டோஸ் வாங்கிக் கொடுத்தோம்' என்று பிறகு உறவினர் முன் சொல்ல முடிந்தது. கடமை நிறைவேறியதற்கு அந்தக் குப்பிகள் ரசீது. மே 18 முதல் கவுண்டர் விற்பனையை நிறுத்தி, மருத்துவமனைகளே இணையம் வழியாகக் கேட்டுப் பெறலாம் என்று அரசு மாற்றியது. நிர்வாகமாக அது சரி. ஆனால் வரிசையில் நின்றவருக்கு அது என்ன பறிப்பு என்பதை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் நடந்தவை தனிக் கட்டுரை கேட்பவை, சுருக்கமாகத் தொடுகிறேன். பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளும் இருந்தன. 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று, அதில் படித்த பெண்கள் தங்கள் தெருத் திண்ணையில் தன்னார்வலர்களாக உட்கார்ந்தது இந்தக் காலத்தின் அரிதான நல்ல விளைவு. அமெரிக்காவிலும் பெங்களூரிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் தனியாக இருந்த முதியவர்களை, ஜூம் வழியாகப் பிள்ளைகளும் வாசல் வழியாக இட்லிக்காரம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் பராமரிப்பு அவர்களைப் பிழைக்கவைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1995 சிகாகோ வெப்ப அலையை ஆராய்ந்த எரிக் கிளினன்பர்க், அருகருகே இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளில் ஒன்றில் முதியவர்கள் மடிந்ததும் மற்றதில் தப்பியதும் எதனால் என்று தேடி, கடைகளும் ஆள் நடமாட்டமும் உள்ள தெருவே காரணம் என்று கண்டார். ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதிகளில் இதைச் சோதித்துப் பார்க்க இன்னும் காலம் இருக்கிறது. அன்றைக்குச் சோறு கொண்டுபோனவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

கடைசியாக எண்ணிக்கை. 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கோவிட்டோடு தொடர்புடைய கூடுதல் மரணங்கள் 47 லட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. மதிப்பீட்டை இந்திய அரசு ஏற்கவில்லை. தமிழ்நாட்டிலேயே 2020 ஜூலையில் விடுபட்ட 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. திருச்சி போன்ற நகரத்தில் இந்தச் சிக்கலுக்குக் கூடுதல் முடிச்சு ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு. ஜெயங்கொண்டத்துக்காரர் திருச்சியில் இறந்தால் அவர் திருச்சியின் பதிவேட்டில் வருவார். உயிரோடு வந்தபோது வெளியூர்க்காரர், இறந்தபின் உள்ளூர்க்காரர். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் 50,000 ரூபாய் கருணைத்தொகைக்கு ஒப்புதல் தந்தபோது, சான்றிதழில் 'கோவிட்' என்ற காரணம் இல்லாத குடும்பங்கள் மாவட்டக் குழுவிடம் மனுச்செய்ய வேண்டியிருந்தது. குஜராத்தில் ஏற்கப்பட்ட மனுக்கள் அரசு சொன்ன மரணக் கணக்கைப்போலப் பல மடங்கு.

தமிழ்நாட்டின் அன்றாடக் கோவிட் அறிக்கை மற்ற மாநிலங்களில் அதிகம் காணாத ஒன்றைச் செய்தது. ஒவ்வொரு மரணத்தையும் பெயரில்லாமல், வயது, பால், மாவட்டம், இணைநோய், எப்போது என்ன தொந்தரவோடு சேர்ந்தார், எந்த நாள் எத்தனை மணிக்கு இறந்தார் என்று தனித்தனிப் பத்தியாக வெளியிட்டது. சொந்த மாவட்டமும் இறந்த மருத்துவமனையும் அருகருகே இருப்பதால், திருச்சிக்கு எங்கெங்கிருந்து, எவ்வளவு தாமதமாக, எந்த நோய்களோடு வந்தார்கள் என்பதை அதிலிருந்து தெருவரைபடம்போல வரைய முடியும். சேர்ந்த நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடைவெளி ஒரே நாளாக இருக்கும் பத்திகளை மட்டும் தனியே பிரித்து, அவர்கள் எந்த ஒன்றியத்திலிருந்து எந்த வண்டியில் வந்தார்கள் என்று விசாரிக்கலாம். அந்தக் கோப்புகளைத் தரவிறக்கி வைத்திருப்பவர்கள் அங்குமிங்கும் இருக்கிறார்கள். திருச்சியில் ஒரு பல்கலைக்கழகமும் அதில் சமூகவியல் துறையும் இருக்கின்றன.